முதலில் வீடு, அப்புறம் ஆமை: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நில ஆமை வளர்ப்பு பற்றி நாலு வரி எழுதினேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றியேதான். நாய், பூனை, கிளி வைத்திருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த இதழ் முழுக்க ஆமைக்கு.

மகளின் பத்தாவது பிறந்தநாளுக்காக ஒரு சல்கேட்டா ஆமைக்குஞ்சுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். இரண்டு வாரத்தில் கைக்கு வரும். இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, கூழாங்கல், ஒரு விளக்கு, டப்பாத் தீனி எல்லாம் சேர்த்து ஒரே செட்டாகத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். அது போதுமா? நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி ஃபிளாட். பால்கனியில் காலை வெயில் வரும்.
– ஒரு வாசகி, மடிப்பாக்கம், சென்னை

இரண்டு வாரம் கையில் இருக்கும்போதே கேட்டீர்களே அம்மா, ரொம்ப நல்லது. ஆமை வந்து, சாப்பிடாமல் ஒரு மூலையில் ஒடுங்கிய பிறகுதான் பெரும்பாலானவர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கண்ணாடித் தொட்டி செட்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது மீனுக்குச் செய்த வீடு.

தொட்டியைப் பற்றிப் பேசும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். சஹாரா பாலைவனத்தின் தென்விளிம்பில், செனகல், மாலி, சாட், சூடான் என்று நீளும் வறண்ட நிலம்தான் சல்கேட்டாவின் ஊர். இன்று அது உங்கள் மகளின் உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் மாதிரி உட்காரும், ஐந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் கலாபகோஸ், அல்டாப்ரா ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகிலேயே மூன்றாவது பெரிய நில ஆமை இதுதான். வளர்ந்த ஆண் 40, 50 கிலோ வரை போகும், ஓடு மட்டுமே இரண்டரை அடி நீளம் வரும், எழுபது வருடத்துக்கு மேலும் வாழக்கூடியது. உங்கள் மகளுக்குப் பேரன் பேத்தி பிறக்கும்போதும் அது புல் மேய்ந்துகொண்டிருக்கும் என்றுதான் கணக்குப் போட வேண்டும். முதல் மூன்று நான்கு வருடம் ஃபிளாட்டில் சமாளிக்கலாம். அதற்குப் பிறகு மண்தரையும் வேலியும் உள்ள இடம் கட்டாயம். ஊரில் அம்மா வீட்டில் கொல்லை இருக்கிறதா, அவர்கள் சம்மதிப்பார்களா, இதை இப்போதே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் முன்பணம் போனாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரிதான சல்கேட்டாவை என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுகொண்டே பேசியவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, இடம் இருக்கிறது, உறுதியாக வளர்க்கப் போகிறீர்கள் என்றால் அடுத்தது காகிதம். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதற்கான விதிகள் 2024-ல் வந்தன. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில், கைக்கு வந்த 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சல்கேட்டாவும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. எங்கே பிறந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதற்கான காகிதத்தைக் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் அந்தக் கடை வேண்டாம்.

இனி வீடு. கண்ணாடித் தொட்டி ஏன் கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் ஆமையையும் அப்படி ஒன்றில்தான் வைத்தேன். கண்ணாடி என்ற ஒன்று இருப்பதே ஆமைக்குப் புரியாது. அந்தப் பக்கம் தெரிகிறதே, போகலாம் என்று காலை முதல் மாலை வரை கண்ணாடியைக் காலால் பிறாண்டிக்கொண்டு அதே ஓரத்தில் நடந்துகொண்டிருந்தது, நான் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். தச்சரிடம் சொல்லி மரப்பெட்டி ஒன்று செய்து அதில் விட்ட இரண்டாவது நாளே பிறாண்டல் நின்றது. மண்ணுக்குள் பாதி உடம்பைப் புதைத்துக்கொண்டு தூங்கியதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத்துக்கு பிளைவுட் பெட்டி ஒன்று செய்யச் சொல்லுங்கள். உள்ளிருந்து பார்த்தால் வெளியே எதுவும் தெரியாதபடி பக்கங்கள் அடைத்தே இருக்க வேண்டும். உள்ளே அடியிலும் ஓரத்திலும் தார்ப்பாய் விரித்துவிட்டால் ஈரத்தில் மரம் ஊறாது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் சிமெண்ட் தொட்டி பழையது கிடைத்தால் அதுவும் நன்றாகவே இருக்கும். மேலே வலை அடித்த மூடி அவசியம், சென்னையில் காகமும் பூனையும் எந்த மாடிக்கும் வரும். குஞ்சு கொஞ்சம் வளரும்வரை அந்த மூடியில் முக்கால் பங்கை அட்டையாலோ பலகையாலோ மூடி வையுங்கள், ஈரக்காற்று உள்ளேயே நிற்கும்.

உள்ளே நான்கு அங்குல உயரத்துக்குத் தோட்ட மண்ணும் தேங்காய் நார்த் தூளும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்புங்கள். கோகோ பீட் என்று நர்சரியில் கட்டியாக விற்பார்கள். அதில் உப்பு இருக்கும் என்பதால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே போட வேண்டும். உரமோ பூச்சிமருந்தோ கலக்காத மண்ணாகப் பார்த்து எடுங்கள். ஆற்று மணல் வேண்டாம், கூழாங்கல் வேண்டவே வேண்டாம். தீனியோடு சேர்த்து விழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும், குஞ்சுக்கு அதிலிருந்து மீள்வது கடினம். கலவையைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. தண்ணீரை மேலே தெளிக்காமல் நான்கு மூலையிலும் ஊற்றுங்கள். அடிமண் ஈரமாகவும் மேல்மண் காய்ந்தும் இருந்தால் வயிற்றுப்பக்க ஓடு அழுகாது.

பாலைவன ஆமைக்கு ஏன் ஈரம் என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். சல்கேட்டா தன் ஊரில் பகல் சூட்டுக்குத் தப்பி மண்ணுக்குள் நீளமாக வளை தோண்டி அதில்தான் பெரும்பொழுது கிடக்கும். மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அந்த வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். நாம் பெட்டிக்குள் செய்ய வேண்டியது அந்த வளையைத்தான். குஞ்சுக்கு 70, 80 சதவீத ஈரப்பதம் வேண்டும். ஏசி ஓடும் அறையில் மட்டும் பெட்டியை வைக்காதீர்கள், காற்று ஒரேயடியாக வறண்டுவிடும்.

பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளுமையாகவும் இருக்க வேண்டும். ஆமைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கத் தெரியாது. வேண்டியபோது சூட்டுக்குப் போய், போதும் என்றதும் நகர்ந்து வரும். அப்படி நகர இடம் வேண்டும், இரண்டடித் தொட்டி போதாததற்கு இன்னொரு காரணம் இது. ஒரு முனையில் 40 அல்லது 60 வாட் பழைய குண்டு பல்பைத் தொங்கவிடுங்கள், எல்இடியில் சூடு வராது. பல்புக்கு நேர் கீழே, ஆமையின் முதுகு உயரத்தில் 35 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரும்படி உயரத்தை ஏற்றி இறக்கி வையுங்கள். மறுமுனை 26, 28 இருந்தால் சரி. விளக்கை மாட்டும் கிளிப்பை மட்டும் நம்பாமல் கம்பியாலும் கட்டுங்கள், விழுந்தால் தேங்காய் நார் பற்றிக்கொள்ளும். இரவில் பல்பை அணைத்துவிட வேண்டும், சென்னையில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் இரவுச் சூடு தேவைப்படாது. வெப்பமானி, ஈரப்பதமானி இரண்டும் கட்டாயம் வாங்குங்கள், கையை வைத்துப் பார்த்து மதிப்பிடுவது சரிவராது. சூடேறும் கல் என்று ஒன்று விற்கிறார்கள், அது வேண்டாம். வயிற்றுப்பக்கம் வெந்து புண்ணாகும் வரைக்கும் ஆமை அதன் மேலேயே கிடக்கும்.

வெயில் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உண்டாக சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதா-பி கதிர் வேண்டும், அது இல்லாவிட்டால் எத்தனை சுண்ணாம்புச் சத்து கொடுத்தாலும் உடம்பு எடுத்துக்கொள்ளாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும், கால் வளையும். குளிர்நாடுகளில் இதற்காக விலை கூடிய குழல்விளக்கு வாங்கி, விளக்கின் வெளிச்சம் குறையாவிட்டாலும் கதிர் குறைந்துபோகும் என்பதால் ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். உங்களுக்குப் பால்கனியிலேயே கிடைக்கிறது. தினமும் காலையில் அரைமணி, முக்கால்மணி நேரம் ஒரு பெரிய பிளாஸ்டிக் மீன் கூடையில் பாதி நிழல், பாதி வெயிலாக விடுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். நீங்களும் பக்கத்திலேயே உட்காருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் எட்டரை மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துவிடுங்கள். மல்லாந்து விழுந்த குஞ்சு நிழலுக்குப் போக முடியாமல் கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகும். மழைக்காலத்தில் தொடர்ந்து ஒரு வாரம் வெயில் இல்லாமல் போகும் என்பதால் ஒரு புற ஊதா-பி குழல்விளக்கும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டும். மண்பானை ஒன்றை நெடுக்கில் பாதியாக உடைத்து, முனைகளைத் தேய்த்து மழுங்க வைத்து, குளுமையான பக்கத்தில் கவிழ்த்துப் பாதி மண்ணில் புதையுங்கள். அதன் அடியில் மட்டும் மண் எப்போதும் நல்ல ஈரமாக இருக்கட்டும். குடிக்கத் தண்ணீர் வைக்க, பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண் தட்டு போதும், விளிம்பு மண்ணோடு மட்டமாக இருக்கும்படி இறக்கி வையுங்கள். இது தவிர முதல் ஒரு வருடம் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் 15, 20 நிமிடம் ஊறவைக்க வேண்டும், தண்ணீர் கழுத்துக்கு மேல் வரக் கூடாது. அதிலேயே குடிக்கும், கழிக்கும். இதற்கென்று தனியாக ஒரு டப்பா, சமையலறைப் பாத்திரம் எதுவும் கூடாது. ஆமையின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். இந்தக் கிருமியால்தான் அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டார்கள், சிறு பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்துவிடுகிறார்கள் என்று. உங்கள் மகளுக்குப் பத்து வயது, சொன்னால் புரியும். தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஆமை வருவதற்கு ஒரு வாரம் முன்பே தயாராகி, பல்பு எரிந்து, வெப்பமானி சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். பிறந்தநாளன்று மகளின் கையில் ஆமைக்குப் பதில் பெட்டியைக் கொடுங்களேன். மண் கலக்க, பானை புதைக்க, அருகம்புல் நட அவளையே விடுங்கள். ஆமை ஒரு வாரம் கழித்து வரட்டும்.

என் சல்கேட்டாவுக்கு ஒன்றரை வயது. முதுகு ஓட்டில் ஒவ்வொரு கட்டமும் கூம்பு கூம்பாக எழும்புகிறது. தக்காளியும் வெள்ளரியும் முட்டைக்கோஸும் கொடுக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறது. புரதம் அதிகமாகிவிட்டது என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு வாசகர், ஈரோடு

ரொம்ப காலம் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். 2003-ல் வீஸ்னர், ஈபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சல்கேட்டாக் குஞ்சுகளையே வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கூம்பு எழுவதற்கு முக்கியக் காரணம் தீனியில் இருந்த புரதம் அல்ல, காற்றில் ஈரம் குறைந்ததுதான் என்று வந்தது. ஓடு வறண்ட காற்றில் வளரும்போது விளிம்பு சரியாகப் பரவாமல் மேல்நோக்கி எழும்புகிறது. நீங்கள் எதில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, செய்தித்தாள் விரித்த கூடையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஈரோட்டுக் கோடையில் அது அடுப்பு மாதிரி. மேலே மடிப்பாக்கம் வாசகிக்குச் சொன்ன மண்கலவையையும் ஈரமான பானையையும் இன்றைக்கே தொடங்குங்கள். எழுந்த கூம்பு அமுங்காது, ஆனால் இனி வளரும் பகுதி மட்டமாக வரும். என்னுடைய மூத்த ஆமையின் முதுகில் நடுப்பகுதி மேடு மேடாகவும் அதைச் சுற்றி வழவழப்பாகவும் இருக்கும், எனக்கு விவரம் தெரியாமல் போன வருடங்கள் எவை என்று அந்த ஓட்டில் பார்த்தே சொல்லிவிடலாம்.

தீனியையும் மாற்ற வேண்டும். தக்காளி, வெள்ளரி எல்லாம் வெறும் தண்ணீர். சல்கேட்டா புல் தின்னும் பிராணி, மாடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நார்ச்சத்து நிறைய, சுண்ணாம்புச் சத்து நிறைய, சர்க்கரை அறவே கூடாது. பழம் கொடுத்தால் வயிற்றில் புளித்துக் கழிச்சல் வரும். அருகம்புல்தான் அடிப்படை, குஞ்சாக இருந்தால் பொடியாக நறுக்கிப் போடுங்கள். அதோடு செம்பருத்தி இலையும் பூவும், முசுக்கொட்டை இலை, மூக்கிரட்டை, வெட்டுக்காயப் பூண்டு, முருங்கைக் கீரை கொஞ்சம், முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. இதில் ஒன்றுகூடக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, ஆனால் ரோட்டோரம் பறிக்காதீர்கள், வயல் வரப்பில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள். பாலக், தண்டுக்கீரை, பருப்புக்கீரை இவற்றில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், எப்போதாவது கொஞ்சம் போதும். சோறு, இட்லி, ரொட்டி, பால், நாய்த்தீனி எதுவும் கிட்டவே கொண்டு போகாதீர்கள். பெட்டிக்குள்ளோ தோட்டத்திலோ அரளி, எருக்கு, ஊமத்தை, நித்தியகல்யாணி இருந்தால் பிடுங்கிவிடுங்கள். அரளி ஒரு வாய் தின்றாலும் ஆபத்து.

சுண்ணாம்புக்கு என்று பாட்டில் பாட்டிலாக வாங்க வேண்டியதில்லை. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்துப் பெட்டியில் போட்டுவிடுங்கள். தேவைப்படும்போது தானே கடித்துக்கொள்ளும். ஈரோட்டில் கடல் ஏது என்றால் பறவைத் தீனி விற்கும் கடையில் கிடைக்கும்.

தோட்ட வேலைக்கு வந்தவர் வேலியோரம் கிடந்தது என்று ஒரு நட்சத்திர ஆமையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். பிள்ளைகள் பெயர்கூட வைத்துவிட்டார்கள். அதற்கு எப்படி இடம் செய்து தருவது?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

உங்கள் பிள்ளைகளை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதை வைத்திருக்கக் கூடாது. முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும் அந்த ஆமை நம் மண்ணின் காட்டு உயிர். வடமேற்கு இந்தியா, அதை ஒட்டிய பாகிஸ்தான், தமிழ்நாடு ஆந்திரா கர்நாடகப் புதர்க்காடுகள், இலங்கை ஆகிய இடங்களில்தான் உலகத்திலேயே இது இயற்கையாக இருக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு புலி, யானையோடு சேர்த்து இதுவும் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம், மூன்று வருடத்திலிருந்து ஏழு வருடம் வரை சிறை. கடத்தல்காரர்களிடம் இது படும் பாடு கொஞ்சமல்ல, சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் துணி மாதிரி அடுக்கிவைத்த நட்சத்திர ஆமைகளைப் பிடித்த செய்தி எத்தனை முறை வந்துவிட்டது. அதனால்தான் 2019-ல் உலக நாடுகள் சேர்ந்து இதன் பன்னாட்டு வணிகத்தையே தடுக்கும் பட்டியலில் சேர்த்தன.

இன்று நேற்று எடுத்ததென்றால், எடுத்தவரையே அழைத்துக்கொண்டு போய் அதே வேலியோரத்தில், அதே புதரில் விட்டுவிடுங்கள். பல நாள் ஆகிவிட்டால், அல்லது வீட்டில் வேறு ஆமையோடு சேர்ந்து இருந்ததென்றால், நீங்களாக விட வேண்டாம், நோயைக் காட்டுக்குக் கொண்டுபோக நேரிடும். பக்கத்திலிருக்கும் வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்து ஒப்படைத்துவிடுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மழை பெய்து புல் துளிர்க்கும் நாட்களில் அந்த வேலியோரம் மெதுவாக நடந்து பார்த்தால் ஒன்றிரண்டு கண்ணில் படக்கூடும்.

டிசம்பர் வந்ததிலிருந்து எங்கள் சல்கேட்டா ஆமை சாப்பிடாமல் கண்ணை மூடிக்கொண்டு மூலையிலேயே கிடக்கிறது. மூக்கில் சில சமயம் குமிழ் வருகிறது. ஆமைகள் குளிர்காலத்தில் தூங்குமாமே, அதுவா இது?
– ஒரு வாசகர், கோத்தகிரி

இல்லை தம்பி. சல்கேட்டாவுக்குக் குளிர்கால உறக்கம் என்ற பழக்கமே கிடையாது. மூக்கில் குமிழ் என்றால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம், இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் முன் பறவைகளையும் ஊர்வனவற்றையும் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவரைத் தேடிப் போன் போடுங்கள். அதுவரை பெட்டியை 28, 30 டிகிரிக்குக் குறையாமல் வையுங்கள், இரவிலும். வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் பீங்கான் பல்பு கிடைக்கும், மலையில் வளர்க்கிறீர்கள் என்றால் அது இல்லாமல் முடியாது, மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரும் வேண்டும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்த ஆமைக்குச் சுகம், குளிரும் ஈரமும் சேர்ந்தால் நோய். சூடேற்ற முடியாத இரவுகளில் மண்ணைக் கொஞ்சம் காயவிடுவதே மேல். உடம்பு சூடாகாமல் வாயைத் திறந்து தீனி திணிக்காதீர்கள், குளிர்ந்த வயிற்றில் செரிக்காது.

லண்டனிலிருந்து ஒரு வாசகியும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், ஆனால் அவரிடம் இருப்பது ஹெர்மன் ஆமை. அது மத்தியதரைக் கடலோரத்து இனம், உண்மையிலேயே தூங்கும். ஆரோக்கியமான ஆமையாக இருந்தால், வயிறு காலியான பிறகு, 3-லிருந்து 7 டிகிரிக்குள் ஒரே சீராக வைக்க வேண்டும், அதற்கென்றே தனியாகச் சிறிய ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் அங்கே நிறையப் பேர். பூஜ்யத்துக்குக் கீழே போனால் கண்பார்வை போகலாம், உயிரே போகலாம். பத்துக்கு மேல் ஏறினால் விழித்துக்கொண்டு சேர்த்துவைத்த சத்தைக் கரைத்துவிடும். உறக்கத்துக்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் அம்மா.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார். எப்படிச் சமாதானப்படுத்துவது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் என்று என் பாட்டியும் சொல்வார். பொறாமை, இயலாமை, கல்லாமை என்கிற ஆமைகளைத்தான் அந்தப் பழமொழி சொல்கிறது என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு, அதை உங்கள் மாமியாரும் கேட்டிருப்பார். அந்த வாதத்தை வைத்து அவரை ஜெயிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். வயதானவருக்கு வீட்டில் ஒரு பயம் இருக்கும்போது நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் பழி ஆமை மேல்தான் விழும், அந்த ஆமைக்கும் நிம்மதி இருக்காது. எழுபது வருடம் வாழும் உயிரை வீட்டில் ஒருவருக்குப் பிடிக்காமல் கொண்டுவராதீர்கள். கொஞ்ச காலம் பொறுங்கள். யாராவது வளர்க்கும் இடத்துக்கு ஒருமுறை அவரை அழைத்துப் போய், செம்பருத்திப் பூவைக் கையில் கொடுத்து ஊட்டச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது எட்டு வயது சல்கேட்டா, கொல்லையில் சுதந்திரமாக விட்டிருக்கிறோம். காம்பவுண்டுச் சுவரோரம் தோண்டுகிறது. துணைக்கு இன்னொன்று வாங்கிவிட்டால் தோண்டுவதை விட்டுவிடுமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

துணை கிடைத்தாலும் தோண்டும், தோண்டுவது அதன் பிறவிக் குணம். சுவரின் அஸ்திவாரத்துக்கு ஆபத்து என்றால் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி ஹாலோ பிளாக் கல்லால் தரைக்கு மேல் இரண்டடி, தரைக்குக் கீழ் ஒன்றரை அடி வரும்படி தனிவேலி கட்டுங்கள். கம்பி வேலி வேண்டாம், அந்தப் பக்கம் தெரிந்தால் முட்டிக்கொண்டே இருக்கும். தோண்டுவதற்கென்று நடுவில் ஒரு மண்மேட்டை நீங்களே குவித்து, முகப்பில் பாதி சிமெண்ட் குழாயைப் பதித்துக் கொடுத்தால் அதைத் தன் வளையாக எடுத்துக்கொள்ளும், மழையில் இடிந்து விழவும் விழாது. கோடையில் பக்கத்தில் ஒரு சேற்றுக்குழி, மேலே ஐம்பது சதவீத நிழல்வலை. கிணறு இருந்தால் சுற்றுச்சுவரில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று வாங்காதீர்கள். இரண்டும் ஆணாக இருந்தால் முட்டிப் புரட்டிப் போட்டுவிடும், மல்லாந்தது வெயிலில் கிடந்து செத்துப்போகும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் பெண்ணுக்கு நிம்மதியே இருக்காது. இரண்டு குஞ்சாக இருந்தால்கூட ஒன்று மற்றொன்றை ஒதுக்கி, தீனியையும் சூட்டையும் தானே எடுத்துக்கொள்ளும், பார்க்கிற நமக்கு ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பது பாசம் மாதிரித் தெரியும். துணை தேடும் பிராணி இல்லை இது. அந்தப் பணத்தைக் கல்லுக்கும் சிமெண்டுக்கும் செலவழியுங்கள். வேலி கட்டும்போது தராசில் ஏற்றி எடையையும் குறித்து வையுங்கள், அடுத்த கடிதத்தில் எத்தனை கிலோ என்று எழுதுங்கள்.